ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அம்மாவுக்கு மட்டும் மேலுக்கு (உடம்புக்கு) முடியவில்லை

வில்லாபுரத்துக்காரி:

நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 59 வயது. எட்டு வருடமாகச் சுகர், மெட்ஃபார்மின் போடுகிறார். அப்பா 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். அதுவரை எங்கள் வீட்டு வாசலில் அம்மா இட்லிக் கடை போட்டிருந்தார். காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, பத்து மணிக்குள் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பிறகும் ஓரிடத்தில் உட்காராத ஆள். அப்பா போனதோடு கடையும் போனது. நாங்களும், சரி, கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஆறேழு மாதம் கழித்துத்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் முழங்கால். அப்புறம் நெஞ்சு கரிப்பு, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, உள்ளங்கால் எரிச்சல், படபடப்பு, ராத்திரி இரண்டரை மணிக்கு முழிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன் என்று முப்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது, எல்லாம் நார்மல். மூணு மாச சுகர் (மூணு மாசச் சராசரியைக் காட்டும் டெஸ்ட்) மட்டும் 7.2-ல் இருந்தது 9.6 ஆகிவிட்டது. மாத்திரை அதேதான், சோறு வேறு பாதியாகக் குறைந்துவிட்டது, பிறகு எப்படி ஏறும்?

போன வாரம் கடைசி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு மதுரை பெரியார் நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். "ஒண்ணுமே இல்லம்மா, எல்லாம் நல்லா இருக்கு" என்றேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து. அம்மா அந்தக் கவரை வாங்கி மடித்துப் பையில் திணிக்கப் பார்த்தார். ஸ்கேன் பிலிம் மடங்கவில்லை. திணித்துத் திணித்துப் பார்த்துவிட்டு அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். "அப்ப நான் நடிக்கிறேனாடி?" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பஸ்ஸையும் விட்டோம்.

அத்தை வந்தால் "வேலவெட்டி இல்லாம உக்காந்தா இப்படித்தான்" என்கிறார். மனநல டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாமா என்று நான் கேட்டதற்கு, "எனக்கு மேலுக்குத்தான் முடியல, எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு" என்று இரண்டு நாள் பேசவில்லை.

மனசு சரியில்லாமல் போனால் நிஜமாகவே உடம்பு இப்படிக் கெடுமா, சுகர் ஏறுமா? அல்லது உடம்பு முடியாமல் போய்த்தான் மனசு இப்படி ஆனதா? எது முதல் என்று தெரிந்தால் அதற்கு வைத்தியம் பார்க்கலாமே என்று கேட்கிறேன். எனக்கும் ஆறு மாதமாகக் கழுத்து பிடித்துக்கொண்டு தலைவலி, அதை விடுங்கள்.


தெப்பக்குளம் நடை:

தாயி, எது முதல் என்று நானும் ரொம்ப நாள் தேடினேன். கிடைக்கவில்லை. என் கதையைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்.

எனக்கு 61 வயது, மில்லில் வேலை பார்த்தவன். 2019-ல் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது இருதயத்தின் பம்பிங் நன்றாக இருக்கிறது, படி ஏறலாம், நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு எட்டு மாதம் நான் மாடிப்படியில் கால் வைக்கவில்லை. பாத்ரூமுக்குப் போனால் தாழ்ப்பாள் போட மாட்டேன், உள்ளே விழுந்துவிட்டால் யார் கதவை உடைப்பது என்று. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. வீட்டில் அவள் டம்ளரைக் கீழே போட்டால்கூட எனக்குச் சுர்ரென்று ஏறும். அதற்கு முன்னால் நான் சத்தம் போட்டே அவள் கேட்டதில்லை.

இதில் என்ன வேடிக்கை என்றால், சாகப் பயந்துகொண்டே மாத்திரையை நிறுத்தினேன். சும்மா உட்கார்ந்துகொண்டு "இனிமே எதுக்கு" என்று ஒரு நினைப்பு. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, ஸ்டென்ட் வைத்தவன் தானாக நிறுத்தவே கூடாத மாத்திரை, அதை இருபது நாள் போடவில்லை. மனசு உடம்பை எப்படிக் கெடுக்கும் என்று கேட்டாயே, இப்படியும் கெடுக்கும். ஹார்மோன் அது இது என்று உள்ளே நடப்பது தனி. வெளியே நடப்பது இதுதான்: மாத்திரை போட மாட்டோம், நடக்க மாட்டோம், விட்ட பீடியை மறுபடி தொடுவோம்.

செக்கப்புக்குப் போனபோது மருந்துச் சீட்டும் மிச்ச மாத்திரையும் கணக்கு ஒத்துவரவில்லை என்று டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கடைசியாக எப்போது சிரித்தீர்கள் என்று கேட்டார். ஹார்ட் அட்டாக் வந்தவர்களில் அஞ்சில் ஒருத்தருக்கு இப்படி மனச்சோர்வு வருகிறதாம். அதைக் கவனிக்காமல் விட்டால் மறுபடி அட்டாக் வருவதும் சாவதும் கூடுதல் என்பதால், 2014-லேயே அமெரிக்க இருதயச் சங்கம் இதையும் ஓர் ஆபத்துக் காரணியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது என்றார். எனக்கு அந்தச் சங்கம் எல்லாம் தெரியாது. ஆனால் அஞ்சில் ஒருத்தன் என்று கேட்டதும் ஒரு நிம்மதி. நான் மட்டும் கோழை இல்லை பாருங்கள்.

மாத்திரை ஒன்று கொடுத்தார், ஒரு வருடம் போட்டேன். அப்புறம் தெப்பக்குளத்தைச் சுற்றச் சொன்னார். ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் நாள் ஒரு கரையில் பாதிகூட முடிக்கவில்லை, மூச்சு வாங்குகிறதே, அவ்வளவுதான் என்று சுவரில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு பெரியவர், தொண்டு கிழம், "என்னண்ணே, புதுசா?" என்று கேட்டார். அந்த ஆளுக்குப் பைபாஸ் ஆகிப் பதினொரு வருடம் ஆயிற்றாம். இப்போது எனக்கு மூன்று சுற்று. அந்தப் பெரியவர் இப்போது இல்லை, அது வேறு விஷயம்.


மேலூரான்:

எங்கள் அப்பத்தாவுக்குப் பதினோரு பிள்ளை, அதில் நாலு செத்துப்போனது. புருஷனும் சீக்கிரம் போயிட்டார். நாற்று நட்டு, களை எடுத்து, 90 வயது வரை இருந்தார். டிப்ரஷனாவது ஒண்ணாவது. வேலை செய்தால் எல்லாம் சரியாகிவிடும். உங்கள் அத்தை சொல்வதில் தப்பில்லை.


சிஸ்டர் அக்கா:

மேலூர்த் தம்பிக்கு அப்புறம் வருகிறேன். வில்லாபுரத்துத் தங்கச்சி, நான் உசிலம்பட்டிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். "மேலுக்கு முடியல" என்று வருகிறவர்களை முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் ஒருத்தரும் வந்து "மனசு சரியில்ல சிஸ்டர்" என்று சொல்ல மாட்டார்கள். கைகால் உளைச்சல், கிறுகிறுப்பு, நெஞ்சடைப்பு, ஒரே அசதி என்றுதான் வரும். அது நடிப்பு இல்லை. அந்த வலி நிஜ வலி. ஸ்கேனில் தெரியாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடாது.

சுகர் எப்படி ஏறும் என்று கேட்டாய். தெருநாய் துரத்தினால் ஓடுவதற்குத் தெம்பு வேண்டும் இல்லையா, அதற்காக உடம்பு அட்ரினலின், கார்டிசால் என்கிற ஹார்மோன் எல்லாம் சுரந்து கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். இன்சுலின் வேலையையும் மட்டுப்படுத்தும். நாய் போனதும் அடங்கிவிட வேண்டும். உன் அம்மாவுக்கு மூன்று வருடமாக நாய் துரத்துகிறது, ஓட்டம் மட்டும்தான் இல்லை. அதோடு தூக்கம். தொடர்ந்து தூக்கம் கெட்டாலே இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டைக் குறைத்தும் ஏறுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: பசி இல்லாதவர்கள் சோற்றைத் தள்ளிவிட்டு டீயும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுவார்கள். ஒரு நாள் எண்ணிப் பார். அப்படியே மாத்திரை அட்டையையும் எண்ணிப் பார், தெப்பக்குளத்து அண்ணன் சொன்ன மாதிரி.

இது திரும்பியும் நடக்கும். சுகர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் புதிதாகச் சுகர் வருவதும் அதிகம்தான். அம்மா இரண்டரைக்கு முழிக்கிறார் என்றாயே, முழித்ததும் பாத்ரூம் போகிறாரா? சுகர் ஏறினால் ராத்திரி மூன்று நாலு தடவை ஒன்றுக்குப் போக வேண்டி வரும், அதனால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் சுகர் ஏறும், முழித்துக் கிடக்கிற நேரத்தில் அப்பா நினைப்பு வரும். இதில் எங்கே நின்றுகொண்டு எது முதல் என்று கேட்பாய்? உனக்குத் திறக்கிற கதவு எது என்று பார், அதில் நுழை. உன் அம்மா மேலுக்கு முடியல என்கிறார். சரி, மேலிலிருந்தே ஆரம்பி.

இத்தனை டெஸ்ட் எடுத்தாயே, வைட்டமின் பி12 பார்த்தாயா? எட்டு வருடம் மெட்ஃபார்மின் போடுகிறவர், உள்ளங்கால் எரிகிறது என்கிறார். அந்த மாத்திரை நாள்பட்டால் உடம்பில் பி12-ஐக் குறைக்கும். அது குறைந்தால் கால் எரியும், மதமதப்பு, அசதி, ஞாபக மறதி, மனசும் சோர்ந்து போகும். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார். தைராய்டு குறைந்தவர்களை வீட்டில் சோம்பேறி என்று திட்டுவதை நான் பார்த்துச் சலித்துவிட்டேன். ரத்தசோகை இருந்தால் அந்த மூணு மாச சுகர் கணக்கே கொஞ்சம் தப்பாக வரலாம், ஏனென்றால் அதைச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்துத்தான் பார்க்கிறார்கள், சிவப்பணுவின் ஆயுசு 120 நாள் போல. இதெல்லாம் எண்டோஸ்கோப்பி செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, யாரும் எழுதிக் கொடுக்காததுதான் ஆச்சரியம். ஆளுக்கொரு உறுப்பைப் பார்த்தார்கள், வேறென்ன.

மனநல டாக்டர் வேண்டாம் என்றால் விடு, முதலில் சுகர் டாக்டரிடமே சொல்லலாம். மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்று ஒன்பது கேள்வி இருக்கிறது, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பது. அதில் தூக்கம், பசி, அசதி, அசைவு மந்தம் என்று பாதிக்குப் பாதி உடம்பைப் பற்றித்தான், அதனால் அம்மாவுக்கும் பதில் சொல்லச் சங்கடம் இருக்காது. மொத்தம் 27-க்குப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி மட்டும் செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா என்பது. அதைக் கேட்கப் பயப்படாதே. கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது, இருக்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு வாய் கிடைக்கும். ஆமாம் என்றால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, ராத்திரி ஆகிவிட்டால் 14416-க்குப் போன் போடு. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

"அதை விடுங்கள்" என்று உன் கழுத்து வலியைத் தள்ளினாயே, அதை நான் விட மாட்டேன். 1995-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி. மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அப்படிப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோர் கையிலும், சம்மதத்தோடுதான், பட்டாணி அளவுகூட இல்லாத சின்னப் புண் ஒன்றைப் போட்டு ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. புண்ணுக்குக்கூடத் தெரிகிறது, வீட்டில் யாரோ ஒருத்தருக்காக ராத்திரி முழித்திருக்கிறோம் என்று.

மேலூர்த் தம்பி, உன் அப்பத்தா நட்ட நாற்றில் பாதிக்குப் பாட்டு இருந்திருக்கும், கூடவே இருபது பொம்பளைகள் இருந்திருப்பார்கள். நீ சொன்னது பாதி சரி, வேலை நல்ல மருந்து. ஆனால் கால் ஒடிந்தவனிடம் நடந்தால் சரியாகிவிடும் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.


செல்லூர் தறி:

மேலூரானுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். அண்ணே, உங்கள் அப்பத்தா வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடந்திருக்கும்? மாரடித்து ஒப்பாரி வைத்திருப்பார்கள். கட்டிப்பிடித்து அழ வரிசையாக ஆள் வந்திருக்கும். பதினாறாம் நாள் வரை அடுப்பில் சொந்தக்காரர்கள் நின்றிருப்பார்கள். இந்தத் தங்கச்சியின் அப்பா போனது 2021 மே மாதம். எங்கள் பெரியப்பாவும் அதே மாதம்தான். பொட்டலம் மாதிரி சுற்றிக் கொடுத்தார்கள், முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை. நாலு பேர் போனோம், அந்தக் கொரோனா பாதுகாப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு. பெரியம்மா வீட்டில் தனி அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தார். அழக்கூட மூச்சு இல்லை. பெரியம்மாவுக்கு அதற்கடுத்த வருடம் தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்கவே முடியாமல் ஆனது. சுகர் உள்ளவர்களுக்கு அது வரும்தான், டாக்டர் அதைத்தான் சொன்னார், நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கைதானே மாரில் அடிக்காமல் விட்ட கை என்று எனக்குத் தோன்றும். முட்டாள்தனமாக இருக்கலாம்.


மேலூரான்:

சரிப்பா. எங்கள் அப்பத்தாவுக்கு வருடத்துக்கு ஒரு தடவை சாமி வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டில் ஒருத்தரையும் விடமாட்டார், தாத்தா தம்பிகளைப் பேர் சொல்லித் திட்டுவார். மறுநாள் நல்லாத் தூங்குவார்.


திருமங்கலம் அண்ணன்:

எல்லோரும் மனசுதான் மனசுதான் என்று போவதற்கு முன்னால் என்னுடையதையும் கேளுங்கள். என் தம்பிக்கு ஸ்கிஸோஃப்ரீனியா, மனச்சிதைவு நோய். 24 வயதில் வந்தது, இப்போது 38. மாத்திரையால் குரல் கேட்பது நின்று, ஆள் அமைதியாகி, சின்னச் சின்ன வேலைக்கும் போனான். ஆனால் 58 கிலோ இருந்தவன் 91 கிலோ ஆனான். அந்த மாத்திரைகளில் சிலதுக்குப் பசியும் எடையும் ஏறும், சுகரும் கொழுப்பும் ஏறும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாப்பிடுகிறானே, நல்லது என்று அம்மாவும் ஊட்டி ஊட்டி விட்டார். ஒரு நாள் மயங்கி விழுந்த பிறகு பார்த்தால் சுகர் 480.

அது போகட்டும். இரண்டு வருடம் முன்னால் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தான். ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பேர் வேண்டாம். என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டார்கள், சீட்டைக் காட்டினேன். அந்தச் சீட்டைப் பார்த்த நொடியில் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தவர் என்னிடம் பேச ஆரம்பித்தார். "பதட்டம்தான், தூங்கினா சரியாகிடும்" என்று ஓர் ஊசி. மறுநாளும் அதேதான் சொன்னார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்து வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். பிழைத்தான், ஆனால் மயிரிழை.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்திலிருந்து இருபது வருடம் முன்னால் செத்துப்போகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலையால் என்று நினைப்பீர்கள், பெரும்பாலும் அது இல்லை. இருதயம், சுகர், நுரையீரல், தொற்று. அதாவது மருந்து இருக்கிற வியாதிகள். மனநோய் என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் அப்புறம் உடம்பை யாரும் பார்ப்பதில்லை.

அதனால் தங்கச்சி, அம்மாவுக்கு மனச்சோர்வு என்று முடிவானாலும், நாளைக்கு அவர் புதிதாக ஒரு வலி சொன்னால் "அது மனசுதாம்மா" என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். பொம்பளைகளுக்கு, அதுவும் சுகர் இருந்தால், ஹார்ட் அட்டாக்குகூட நெஞ்சுவலி இல்லாமல் மூச்சிரைப்பு, வாந்தி, வியர்வை, தாடை வலி என்று வரலாம். எனக்கு இப்போது தம்பி விஷயத்தில் ஒரே சட்டம்தான்: அவன் வலிக்கிறது என்று சொன்னால் வலிக்கிறது. வருடம் இரண்டு தடவை சுகர், கொழுப்பு, எடை, இடுப்பு அளவு எல்லாம் நானே டைரியில் எழுதி மனநல டாக்டர் மேசையில் வைத்துவிடுவேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், ஏழு கிலோ இறங்கியிருக்கிறான். பீடியைத்தான் விட மாட்டேன் என்கிறான்.


வலையங்குளம் மருமகள்:

அண்ணன் சொன்ன அந்தச் சீட்டு விஷயம் மெடிக்கல் கடையிலும் நடக்கும். என் மாமியார் நாற்பது வருடமாக மல்லிகைப் பூ பறிக்கிறார். விடியும் முன்னால் போய்க் குனிந்தால் வெயில் ஏறும்வரை குனிந்தபடிதான். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிற வலி. வலியால் தூங்காமல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்து, பேரப்பிள்ளை பக்கத்தில் போகவே பயந்தது. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் பத்து மில்லிகிராம் ராத்திரிக்கு எழுதிக் கொடுத்தார் எலும்பு டாக்டர். மருந்துக் கடைப் பையன் அட்டையை நீட்டும்போதே "இது மென்டல் மாத்திரைல்ல, யாருக்கு?" என்று கேட்டுவிட்டான், சுற்றி ஆள் நிற்கும்போது. அன்றோடு சரி. ஆறு மாதம் மாத்திரை பரணில் கிடந்தது.

அப்புறம் டாக்டரே விளக்கிச் சொன்னார். மனச்சோர்வுக்குத்தான் முதலில் வந்த மருந்தாம், குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பு வலியைக் குறைக்கும், தூக்கமும் வரும். வலி போகிற வழியும் மனசு போகிற வழியும் மூளையில் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்றார். மாமியார் இப்போது போடுகிறார். வாய் காய்கிறது என்பார், மற்றபடி வலி பாதி. பேரன் மடியில் ஏறுகிறான். பூவிலை ஏறினால் வலியே தெரிவதில்லை என்பதும் உண்மைதான், அதை யார் ஆராய்ச்சி செய்வது.


வில்லாபுரத்துக்காரி:

ஏழு வாரம் ஆகிவிட்டது, வந்து சொல்லாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். எல்லாப் பதிலையும் படித்தேன், சிலதை அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். தெப்பக்குளத்து ஐயா பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போடாததைக் கேட்டு அம்மா சிரித்தார். சிரித்துவிட்டு, "நானுந்தான் போடுறதில்ல" என்றார். எனக்குத் தெரியவே தெரியாது.

சிஸ்டர் அக்கா, நீங்கள் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஆறு டீ, சர்க்கரை போட்டு. ராத்திரி மாத்திரை பத்துக்கு நாலு அட்டையிலேயே இருக்கிறது. பாத்ரூமுக்கும் ராத்திரி மூன்று தடவை. பி12 148 வந்தது, 200-க்கு மேல் இருக்க வேண்டுமாம். ஹீமோகுளோபின் 9.4. தைராய்டு சரியாக இருக்கிறது. பி12 குறைவு என்று டாக்டர் சொன்னதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஏதோ கேஸில் ஜெயித்த மாதிரி. வீட்டுக்கு வந்து அத்தைக்குப் போன் போட்டு, "எனக்கு ரத்தத்துலயே கொறச்சலாம்" என்று பத்து நிமிடம் பேசினார். அன்றிலிருந்து எந்த ஊசிக்கும் தகராறு இல்லை.

ஊசி போடுகிறோம், சுகருக்கு ஒரு மாத்திரை கூட்டினார்கள். அந்த ஒன்பது கேள்வியையும் மூன்றாவது தடவை போனபோது டாக்டரே கேட்டார். 16 வந்தது. ஒன்பதாவது கேள்விக்கு அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவுக போனப்பவே போயிருக்கலாம்னு தோணும், ஆனா நானா எதுவும் பண்ண மாட்டேன்" என்றார். மூன்று வருடம் ஒரே அறையில் படுக்கிறேன், நான் கேட்டதில்லை. அன்றைக்கே டாக்டர் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார், மறுநாள் போனோம். ராத்திரிக்கு ஒரு மாத்திரை. முதல் வாரம் குமட்டல், தலை கனம், நிறுத்திவிடலாம் என்றார் அம்மா, வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தோம். கேட்கிறவர்களிடம் அம்மா "நரம்புக்கு மாத்திரை" என்கிறார். சரி, அப்படியே இருக்கட்டும்.

செல்லூர் அண்ணே, நீங்கள் ஒப்பாரி பற்றி எழுதியதை மட்டும் வாசித்துக் காட்டவில்லை, எனக்கே முடியவில்லை. அதற்குப் பதிலாகத் திருப்புவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அப்பாவுக்குத் திதி கொடுத்தோம். பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம், அவர்கள் வீட்டுப் பெரிய மனுஷி சத்தமாக அழுதார். அதைப் பார்த்து அம்மாவும் ஆரம்பித்தார். முன்பின் தெரியாத இரண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு. நான் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தேன், நடுவில் போக மனசு வரவில்லை.

தூக்கம் இப்போது நாலரை வரை வருகிறது. அது அவருக்குப் பழைய கடை நேரம் என்பதால் முழிப்பு என்று கணக்கில் எடுப்பதில்லை. முழங்கால் அப்படியே இருக்கிறது. கடை திறக்கவில்லை, திறக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் சத்தம் கேட்டு எழுந்து போனேன், எதிர்வீட்டுக்காரர்களுக்கு மாவு வேண்டுமாம். உப்பைக் கூடப் போட்டுவிட்டார், கை மறந்துபோச்சு என்று அவருக்கே கோபம். மூணு மாச சுகர் அடுத்த மாதம்தான் பார்க்க வேண்டும்.

அக்கா, பி12 ஊசி ஆறு போட்டாயிற்று, கால் எரிச்சல் இன்னும் இருக்கிறது. எத்தனை நாள் ஆகும்? என் கழுத்துக்கு இன்னும் போகவில்லை, திட்டாதீர்கள்.


சிஸ்டர் அக்கா:

திட்டத்தான் போகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் போய்விட்டு வந்து இங்கே எழுது.

நரம்பு மெதுவாகத்தான் தேறும், வாரக் கணக்கு பார்க்காதே, மாதக் கணக்கு. சுகரும் சேர்ந்து எரிச்சலைக் கொடுத்திருந்தால் முழுக்கப் போகாமலும் இருக்கலாம், குறையும். ரத்தசோகை எதனால் என்றும் டாக்டரிடம் கேட்டுக்கொள். கிரைண்டர் பக்கம் வெறுங்காலோடு ஈரத்தில் நிற்க விடாதே. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் பட்டதே தெரியாது, ராத்திரி படுக்கும் முன்னால் டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் நீ பார். எம்.சி.ஆர். செருப்பு, சுகர் உள்ளவர்களுக்கான மெத்து ரப்பர் செருப்பு, வாங்கிக் கொடுத்தாயா இல்லையா? அளவு எடுக்கச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போ, காலையில் கால் வீக்கம் இருக்காது, அளவு தப்பிவிடும்.